வெத்திலைப் பையைக் கீழே வைக்க எட்டுக் கிழமை

ஒரு நாளைக்கு ஐந்து வாய்க்கு மேல் வெத்திலை போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும், வீட்டில் இடித்துப் போட்டாலும் கடையில் கூறாக வாங்கினாலும் வழி ஒன்றுதான். "நாளையில இருந்து தொடமாட்டன்" என்று சத்தியம் பண்ணிவிட்டு மூன்றாம் நாள் பெட்டிக்கடைக்குத் திரும்பிப் போனவர்களுக்கு இது இன்னும் பொருந்தும்.

எட்டு வாய் போடுகிறவரிடம் எட்டுப் பழக்கம் இருக்கிறது. விடிய பிளேன்டியோடு போடும் வாய்க்கும், வரம்பில் குந்தியிருந்து போடும் வாய்க்கும், சோறு தின்றபின் போடும் வாய்க்கும் காரணம் வேறு வேறு. எட்டையும் ஒரே சத்தியத்தால் வெட்டப் போகிறவர் ஏழு வாயை வெட்டினாலும் எட்டாவதில் விழுந்துவிடுவார். அதனால் கீழே சொல்லும் முறை ஒவ்வொரு வாயையும் தனித்தனியாகப் பிடிக்கிறது.

தேவையானவை: 80 பக்கக் கொப்பி ஒன்று, பேனை, அடையாள அட்டை, இருந்தால் கிளினிக் கொப்பி, வைத்தியசாலைக்குப் போய்வர அரை நாள். காலம் எட்டுக் கிழமை. அதில் முதல் கிழமை கணக்கெடுக்க, அடுத்த இரண்டும் ஆயத்தத்துக்கும் குறைப்பதற்கும், மிச்சம் ஐந்தும் விட்டபின் விழாமல் இருக்க.

1. வாயில் என்ன போடுகிறீர்கள் என்று பிரியுங்கள்

இலை யாரையும் கட்டிப்போடுவதில்லை. கட்டிப்போடுகிறவை இரண்டு: பாக்கிலுள்ள அரிகோலினும் புகையிலையிலுள்ள நிக்கோட்டினும். சுண்ணாம்பு இந்த இரண்டையும் உட்கன்னத்தின் வழியாக வேகமாக இரத்தத்துக்குள் இறக்கிவிடுகிறது. சுண்ணாம்பு குறைந்த வாய் "ஏறவில்லை" என்று சொல்வது இதனால்தான். உட்கன்னத்தை அரித்துப் புண்ணாக்குவதும் அதே சுண்ணாம்புதான்.

கனபேர் மாட்டுப்படும் பொறி இந்த இடத்தில் இருக்கிறது. புகையிலையை மட்டும் நிறுத்திவிட்டு, "இப்ப சும்மா பாக்குத்தான்" என்று ஆறுதலாக இருந்துவிடுவார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் புகையிலை சேராத வெத்திலைக் கூறையும், பாக்கையும்கூட மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வகுப்பில் வைத்துவிட்டது. வாய் வரவர இறுகி, கரண்டி நுழையாத அளவுக்குப் போகும் நோய்க்குக் காரணமும் பாக்குத்தான். ஆகவே விடுவதென்றால் பாக்கையும் புகையிலையையும் சேர்த்தே விட வேண்டும். குறைக்கும் நாட்களில் எதை முதலில் குறைப்பது என்பது உங்கள் வசதி. முடியும் திகதி இரண்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

சரையில் வரும் பீடா, மாவா, பபுள் போன்றவையும் இந்தக் கணக்கில் சேரும். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்பது வாங்குகிறவருக்கும் தெரியாது, விற்கிறவருக்கும் தெரியாது. சரை சின்னது என்று பார்க்காமல் ஒரு சரையை ஒரு வாயாக எண்ணுங்கள்.

2. ஏழு நாள் கொப்பி எழுதுங்கள்

இந்தக் கிழமை ஒன்றையும் குறைக்க வேண்டாம். வழமைபோல் போடுங்கள், ஒவ்வொரு வாயையும் எழுதுங்கள். ஒரு வரியில் ஐந்து விடயம் போதும்: நேரம், இடம், யாரோடு, அதற்குச் சற்று முன் என்ன செய்தீர்கள், எவ்வளவு கட்டாயமாக இருந்தது. கட்டாயத்துக்கு 1, 2, 3 என்று இலக்கம் போடுங்கள். 1 என்றால் சும்மா கை போனது. 3 என்றால் போடாவிட்டால் வேலை ஓடாது.

இப்படி இருக்கும்:

விடிய 5.40, கிணற்றடி, தனிய, பிளேன்டி குடித்து முடிய, 3.
காலை 10.15, வரம்பு, கூலியாட்களோடு, அவர்கள் பை அவிழ்க்கக் கண்டு, 1.
பகல் 1.20, வீட்டுத் திண்ணை, மனிசியோடு, சோறு தின்று கை கழுவி, 3.
பின்னேரம் 4.30, ஓட்டோ தரிப்பிடம், ஓட்டம் இல்லாமல் காத்திருந்து, 2.

இதில் தங்கம் மாதிரியானது நாலாவது விடயம், அதாவது "அதற்குச் சற்று முன்". வாயைக் கிளப்பிவிடுவது பெரும்பாலும் ஒரு செயல், ஓர் இடம் அல்லது ஓர் ஆள். அதைக் கண்டுபிடித்தால் மாற்று வைப்பது இலேசு.

இதில் நடக்கும் பிழை, இரவில் படுக்கும்போது நினைத்து நினைத்து எழுதுவது. அப்படி எழுதினால் கையறியாமல் போட்ட வாய்கள் கணக்கில் வராது. குறைக்க வேண்டியவையோ பெரும்பாலும் அவைதான். அந்தந்த நேரத்திலேயே எழுதுங்கள். கொப்பி கொண்டு திரிய முடியாதவர்களும் எழுத்துப் பழகாத பெரியவர்களும் காலையில் இருபது புளியங்கொட்டையை இடப்பக்க மடியில் போட்டு, ஒரு வாய்க்கு ஒன்றாக வலப்பக்கத்துக்கு மாற்றலாம். எண்ணிக்கையாவது சரியாக வரும்.

கொப்பியின் கடைசிப் பக்கத்தை காசுக்கு ஒதுக்குங்கள். வெத்திலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை, கடையில் வாங்கும் கூறு, நண்பருக்கு வாங்கிக் கொடுத்தது எல்லாம் அதில் வரட்டும். ஒரு நாளைக்கு 180 ரூபா போகிறதென்றால் மாதம் 5,400, வருடம் 65,700. உங்கள் தொகையைப் போட்டு நீங்களே பெருக்குங்கள்.

3. அதே கிழமையில் வாயைக் காட்டுங்கள்

விட்டபின் பார்க்கலாம் என்று இதைத் தள்ளிப்போட வேண்டாம். அதற்கு இரண்டு காரணம் உண்டு. பல்வலியைச் சமாளிக்கத்தான் பலபேர் புகையிலையைப் பல்லீற்றில் அடக்கி வைத்திருக்கிறார்கள். சூத்தைப் பல்லைப் பார்க்காமல் வெத்திலையை நிறுத்தினால் ஐந்தாம் நாள் வலி திரும்பக் கடைக்கு அனுப்பிவிடும். மற்றது, வாயில் ஏற்கெனவே வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ இருந்தால் அதை இன்றைக்கே பார்க்க வேண்டும். எட்டுக் கிழமை காத்திருக்கும் காரியம் இல்லை அது.

வீட்டில் முதலில் நீங்களே பாருங்கள். வாயைக் கொப்பளித்துவிட்டு, வெளிச்சத்தில் கண்ணாடியைப் பிடித்து இரண்டு உட்கன்னம், உதட்டின் உட்பக்கம், நாக்கின் இரு ஓரம், நாக்கின் அடி, அண்ணம் என்று வரிசையாகப் பாருங்கள். உங்கள் சொந்த மூன்று விரலை நிமிர்த்தி அடுக்கி, மேல் கீழ்ப் பற்களுக்கிடையில் நுழைத்துப் பாருங்கள். மூன்றும் போகாவிட்டால், கறி உறைப்பில்லாதபோதும் வாய் எரிந்தால், துடைத்தாலும் போகாத திட்டு இருந்தால், கையில் தட்டுப்படும் கட்டி இருந்தால் நேரே பல் வைத்தியரிடம் போங்கள். எந்தப் புண்ணும் இரண்டு கிழமைக்கு மேல் ஆறாமல் கிடக்கக்கூடாது. வலிக்கவில்லை என்பது நல்ல செய்தி என்று நினைக்க வேண்டாம், தொடக்கத்தில் வலிக்காத புண்தான் ஏமாற்றும்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் களுவாஞ்சிக்குடி, வாழைச்சேனை, கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறைப் பக்கத்துப் பெரிய அரச வைத்தியசாலைகளிலும் பல் பிரிவு இருக்கிறது. கட்டணம் இல்லை, பஸ் காசு மட்டும்தான். வெள்ளன போங்கள். துண்டு எடுக்கும் வரிசை நீள முதல் போனால் பகலுக்குள் வீடு திரும்பலாம். கொண்டு போக வேண்டியவை அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, பிரஷருக்கோ சீனிக்கோ குடிக்கும் குளிசைகளின் உறை, ஏழு நாள் கொப்பி. கொப்பியைக் காட்டினால் வைத்தியரும் கேள்வி கேட்டு நேரம் போக்கத் தேவையில்லை.

அவரிடம் ஒரு விடயம் கேட்டு வாங்குங்கள்: வாய் எத்தனை மில்லிமீற்றர் திறக்கிறது என்று அளந்து கொப்பியில் எழுதித் தரச் சொல்லுங்கள். வளர்ந்தவர்களுக்குப் பொதுவாக 35க்கு மேல் இருக்கும். இந்த இலக்கம் பிறகு உதவும். தேவையென்று கண்டால் வாய், தாடை சத்திரசிகிச்சை நிபுணருக்கு அவர் கடிதம் தருவார். அந்தக் கடிதத்தைச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்து மறந்துவிடாமல் அதே கிழமை கொண்டு போங்கள்.

கர்ப்பிணிகள் குறைக்கும் திட்டமெல்லாம் போடாமல் உடனே நிறுத்த வேண்டும். பாக்கும் புகையிலையும் பிள்ளையின் நிறையைக் குறைக்கும். கிளினிக் மிட்வைஃபிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அவர் இதைப் புதிதாகக் கேட்கப் போவதில்லை.

நேரே போய்க் கதைக்கக் கூச்சம் என்றால், புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபையின் 1948 என்ற இலக்கத்துக்கு எடுத்து ஆலோசனை கேட்கலாம்.

4. நாள் குறியுங்கள்

நல்ல நாள் பார்க்கும் ஊர் நாம். இதற்கும் பார்க்கலாம், ஆனால் பஞ்சாங்கத்தை விட வயல் கணக்கும் கலியாணக் கணக்கும் முக்கியம். வெட்டும் சூடடிப்பும் நடக்கும் கிழமையில் விடத் தொடங்காதீர்கள். நித்திரையும் சாப்பாடும் குழம்பிக் கிடக்கும் நாட்களில் வெத்திலை பசிக்கும் தூக்கத்துக்கும் மருந்தாக நிற்கும். பெரும்போக வெட்டு முடிந்து சிறுபோக விதைப்புக்கு முன் கிடைக்கும் இடைவெளி வயற்காரருக்குத் தோது. வைகாசிச் சடங்கு, வீட்டுக் கலியாணம், வீடு குடிபூரல் முதல் இரண்டு கிழமைக்குள் வராமல் பாருங்கள்.

முஸ்லிம் சகோதரர்களுக்கு நோன்பு மாதம் தயாராகக் கிடைக்கும் வாய்ப்பு. பகலில் 13 மணித்தியாலத்துக்கு மேல் வாய் வெறுமையாக இருக்கப் பழகிவிடுகிறது. விழும் இடம் நோன்பு திறந்தபின் வரும் முதல் ஒரு மணித்தியாலம். பகல் முழுக்கச் சேர்த்த ஆசையெல்லாம் அப்போது ஒன்றாக வரும். பேரீச்சம்பழம், கஞ்சி, தொழுகை என்று நேரே போய்விடுங்கள், கடைத் தெருவில் நிற்க வேண்டாம். பெருநாள் அன்று "இண்டைக்கு ஒரு நாள்தானே" என்ற பேச்சு வரும். அதற்கும் முன்கூட்டியே பதில் வைத்திருங்கள்.

ஒரேயடியாக விடுவதா, குறைத்துக் குறைத்து விடுவதா? ஒரு நாளைக்கு ஏழெட்டு வாய்க்குள் என்றால் ஒரேயடியாக நிறுத்துவது நல்லது, அலைச்சல் குறைவு. அதற்கு மேல் என்றால் இரண்டு கிழமை எடுத்துக் குறையுங்கள். கொப்பியில் 1 என்று எழுதின வாய்களை முதலில் எடுங்கள், இரண்டு நாளைக்கு ஒன்று. அடுத்தது 2. விடியப் போடும் வாயும் சோற்றுக்குப் பின் போடும் வாயும் கடைசிவரை நிற்கட்டும். எடுத்த வாய் திரும்பி வரக்கூடாது.

குறைக்கிறவர்கள் அறியாமல் செய்யும் களவு ஒன்று இருக்கிறது. வாய் எண்ணிக்கை பத்திலிருந்து ஐந்தாகும், ஆனால் ஒவ்வொரு வாயும் இரண்டு மடங்காக வீங்கும். புகையிலைத் துண்டை முதல் நாளே ஓர் அளவுக்கு வெட்டி, அதே அளவில் நிறுத்துங்கள். பாக்கும் அப்படியே.

5. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மாற்று எழுதுங்கள்

இந்தப் படியில் நேரத்தைச் செலவழியுங்கள். மற்றதெல்லாம் அவசரமாகச் செய்தாலும் மன்னிக்கலாம்.

"இனிப் போட மாட்டன்" என்ற வாக்கியத்தில் அந்த நேரத்தில் கை என்ன செய்ய வேண்டும் என்பது இல்லை. அதை இப்படி மாற்றி எழுதுங்கள்: "சோறு தின்று கை கழுவின உடனே, அந்த இடத்திலேயே பல் தீட்டுவன்." முன்பாதி கொப்பியிலிருந்து வர வேண்டும், பின்பாதி அந்த இடத்திலேயே, காசு செலவில்லாமல், இரண்டு நிமிடத்துக்குள் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். "பின்னேரம் உடற்பயிற்சி செய்வன்" என்பது இரண்டுக்கும் பொருந்தாது.

சோற்றுக்குப் பின்: பற்தூரிகையைக் கிணற்றடியிலோ பைப்படியிலோ கட்டித் தொங்கவிடுங்கள். பல் தீட்டின வாய்க்கு வெத்திலை ருசிக்காது. வேலைத்தளத்தில் என்றால் தண்ணீரால் மூன்று தரம் கொப்பளித்து, இரண்டு ஏலக்காயோ ஒரு சிட்டிகை பெருஞ்சீரகமோ மென்றால் போதும். வாயில் புண்ணோ எரிவோ உள்ளவர்கள் கராம்பு, கறுவா பக்கம் போக வேண்டாம்.

விடிய: இந்த வாய்க்குப் பல நேரம் வயிற்றோடும் சம்பந்தம் இருக்கும். போட்டால்தான் வெளிக்குப் போகும் என்று பழகியிருப்பார்கள். எழும்பின உடனே இரண்டு கோப்பை சுடுதண்ணீர், அதன்பின் கால் மணித்தியாலம் நடை. முதல் நாள் இரவுச் சாப்பாட்டில் கீரையோ பப்பாசியோ சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு கிழமைக்குள் வயிறு பழகும். பிளேன்டியைக் குடிக்கும் இடத்தையும் மாற்றுங்கள். திண்ணையில் குடித்தால் குசினியில், குசினியில் குடித்தால் முற்றத்தில். இடம் மாறினாலே கை பாதி மறந்துபோகும்.

வரம்பிலும் வாடியிலும்: இரண்டு லீற்றர் போத்தல் தண்ணீர், ஒரு சின்னப் பையில் தேங்காய்ச் சொட்டு அல்லது தோலோடு கச்சான். தோலோடு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. வெத்திலை போடுவதில் நரம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, மடிக்கும் கைவேலை பாதி. கச்சான் உடைக்கும்போது அந்தக் கைக்கும் வேலை கிடைக்கிறது. (உடைத்த கச்சானை வாங்கிப் பையோடு வாயில் கொட்டுகிறவருக்கு இதனால் பயனில்லை.)

இரவுக் காவல்: மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் யானைக்குக் காவல் இருக்கிறவர்களும் இரவில் வலை போடுகிறவர்களும் நித்திரை வராமல் இருக்கத்தான் மெல்லுகிறார்கள். இதற்கு ஏலக்காய் காணாது. காவலை இருவர் முறை வைத்து, ஆளுக்கு மூன்று மணித்தியாலமாகப் பிரியுங்கள். பிளாஸ்க்கில் சீனி குறைந்த தேத்தண்ணி கொண்டு போங்கள். முறை மாறியதும் தேத்தண்ணியை நிறுத்திப் படுக்க வேண்டும், இல்லாவிட்டால் விடிய வரும் களைப்பு வெத்திலையைக் கேட்கும்.

ஓட்டோ தரிப்பிடம், சந்தை, கடை வாசல்: இங்கே வாயைக் கிளப்புவது சலிப்பும் கூட்டாளியும். நிற்கும் இடத்தைப் பத்தடி தள்ளுங்கள். முதல் மூன்று கிழமைக்கு வெத்திலை போடாத ஒருவர் பக்கத்தில் நில்லுங்கள். சின்ன விடயம் போலத் தெரியும், இதைச் செய்யாதவர்கள் பலர் இரண்டாம் கிழமையில் திரும்பிவிடுகிறார்கள்.

மாற்றாக எடுக்கக் கூடாதவையும் உண்டு. ரொபி, கற்கண்டு, சீனி கூடிய தேத்தண்ணி மூன்றும் பல்லையும் சீனி வருத்தத்தையும் கெடுக்கும். சிகரெட்டுக்கு மாறுவது நிக்கோட்டினுக்கு வேறு சட்டை போடுவது. "பாக்கில்லாத பீடா" என்று விற்பதை நம்பி வாயில் வைக்க வேண்டாம்.

6. விடும் நாளுக்கு முதல் நாள் பின்னேரம் வீட்டைத் துப்புரவாக்குங்கள்

வெத்திலைப் பை, பாக்குவெட்டி, சுண்ணாம்பு டப்பா, சட்டைப் பையில் கிடக்கும் புகையிலைத் தூள், ஓட்டோவின் சீற்றுக்கடியில் ஒளித்த சரை, வயல் வாடியில் செருகின மிச்சம் எல்லாவற்றையும் எடுங்கள். ஒளித்து வைத்த இடம் உங்களுக்குத்தான் தெரியும். வெத்திலை வைத்து நீட்டும் பித்தளை வட்டாவை எறியத் தேவையில்லை, துலக்கிப் பெட்டகத்தில் வையுங்கள். அது விருந்தாளிக்கு.

வீட்டில் பெத்தாவோ மூத்தம்மாவோ இன்னும் போடுகிறவராக இருந்தால் அவரோடு சண்டை பிடிக்க வேண்டாம். அவருடைய சாமான் அவருடைய அறையில் இருக்கட்டும். உங்களைக் கடைக்கு அனுப்ப வேண்டாம், இடித்துத் தரச் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேளுங்கள். மற்றவருக்கு இடித்துக் கொடுக்கும்போது "பதம் பார்க்க" வாய்க்குள் போவதுதான் பலபேரை விழுத்தியிருக்கிறது. பிள்ளைகளை அனுப்பி வாங்குவிப்பதும் வேண்டாம். 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்பது 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம்.

கடைக்காரரிடம் கொப்பிக் கணக்கு இருந்தால் அன்றைக்கே கட்டி முடியுங்கள். பாக்கிக் காசு கொடுக்கப் போகிறவர் வெறுங்கையோடு திரும்புவதில்லை. கட்டும்போது "இனி நான் கேட்டாலும் தராதீங்க" என்று நாலுபேர் கேட்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.

மிச்சமாகும் காசு கையில் தங்காது. அதற்கு ஒரு வழி, ஊரில் நம்பிக்கையான சீட்டொன்றில் அதே தொகைக்குச் சேர்வது. மாதக் கடைசியில் கட்டியே ஆக வேண்டிய காசை வெத்திலையில் துப்பக் கை கூசும்.

7. விட்ட பிறகு என்ன நடக்கும்

முதல் மூன்று நாளும்தான் மோசம். தலையிடி, எரிச்சல், ஒன்றிலும் மனம் நில்லாமை, நித்திரைக் குறைவு, மலச்சிக்கல் எல்லாம் வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய் அங்கிருந்து இறங்கத் தொடங்கும். இரண்டு முதல் நாலு கிழமைக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். வீட்டுக்காரருக்கு முதலே சொல்லி வையுங்கள், அந்த மூன்று நாளும் காசுக் கதையும் காணிக் கதையும் எடுக்க வேண்டாம் என்று.

ஆசை தொடர்ந்து நிற்பதில்லை, வாவியில் அலை வருவதுபோல் வந்து போகும். ஓர் அலை சில நிமிடம்தான். மணிக்கூட்டைப் பாருங்கள், பத்து நிமிடம் கழித்துப் போடலாம் என்று உங்களுக்கே தவணை சொல்லுங்கள், அதற்குள் எழும்பி வேறு இடத்துக்கு நடந்து தண்ணீர் குடியுங்கள். பத்து நிமிடம் முடிந்ததும் இன்னொரு தவணை.

புகையிலை கூடுதலாகப் போட்டவர்களுக்கு நிக்கோட்டின் சுயிங்கம் உதவலாம். இதை வைத்தியரைக் கேட்டே வாங்குங்கள். இருதய வருத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், வாய் இறுகத் தொடங்கியவர்கள் கேட்காமல் தொடவே கூடாது. 2, 4 மில்லிகிராம் என்று இரண்டு அளவு உண்டு. வெத்திலை மாதிரிச் சப்பித் தள்ளினால் விக்கலும் நெஞ்செரிவும்தான் மிச்சம். நாலைந்து தரம் மென்று, நாக்கில் காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈற்றுக்கும் இடையில் ஒதுக்கி வைத்து, காரம் போனதும் திரும்ப மெல்ல வேண்டும். அதற்குக் கால் மணித்தியாலம் முன்னிருந்தே தேத்தண்ணியோ சோடாவோ குடித்தால் மருந்து சரியாக இறங்காது.

சாராயம் குடிக்கும்போது எல்லாத் தீர்மானமும் கரைந்துவிடும். எப்போதாவது குடிக்கிறவர்கள் இந்த ஐந்து கிழமைக்கும் அதைத் தள்ளி வையுங்கள். தினம் கனக்கக் குடிக்கிறவர்கள் மட்டும் இரண்டையும் ஒரே நாளில் தாங்களாக நிறுத்தக் கூடாது. குடியைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். முதலில் வைத்தியரிடம் போக வேண்டும்.

8. வட்டா நீட்டும் இடங்கள்

கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் வட்டா வரும். மறுத்தால் மரியாதைக் குறைவு என்ற பயத்தில் எடுத்தவர்கள் அதை எங்கே போடுவது என்று தெரியாமல் வாயில் போட்டுவிடுவார்கள். வட்டாவைக் கையால் தொட்டு மரியாதை செய்தால் போதும். கட்டாயப்படுத்தினால் ஓர் இலையை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் வையுங்கள், பாக்குப் பக்கம் கை போக வேண்டாம். கோயில் மடையில் வைக்கும் வெத்திலை பாக்கு தெய்வத்துக்கு வைப்பது. அதை மென்றால்தான் நேர்த்தி நிறைவேறும் என்று எந்தப் பூசாரியும் சொல்வதில்லை.

மச்சான்மாரைச் சமாளிப்பதுதான் பாடு. "ஒரு வாய்தானே, போடு மச்சான்" என்றால் விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள். விளக்கத்துக்கு எதிர்விளக்கம் வரும். "வாயைக் காட்டினனான், போடக்கூடாதெண்டு டொக்டர் சொல்லிட்டார்" என்ற ஒரு வரி போதும். மூன்றாம் படியைச் செய்திருந்தால் அது பொய்யுமில்லை.

9. விழுந்தால்

ஒரு வாய் போட்டுவிட்டீர்கள் என்றால் அந்த இடத்திலேயே துப்பிக் கொப்பளித்து, கொப்பியை எடுத்து அந்த ஐந்து விடயத்தையும் எழுதுங்கள். "இண்டைக்குக் கெட்டுப்போச்சு, திங்கட்கிழமை பார்ப்பம்" என்று விட்டால் திங்கட்கிழமைக்குள் பத்து வாய் திரும்பியிருக்கும். எழுதின வரியைப் பாருங்கள். நீங்கள் மாற்று எழுதாத ஓர் இடமோ ஆளோ நேரமோ அதில் இருக்கும். அதற்கு அன்றிரவே ஒரு வாக்கியம் எழுதுங்கள்.

21 நாளில் பழக்கம் படியும் என்று சொல்வார்கள். அதை நம்பி 22ஆம் நாள் கொப்பியை எறிய வேண்டாம். லண்டனில் 96 பேரை வைத்து நடந்த, 2009இல் வெளியான ஆய்வொன்றில், புதுப் பழக்கம் தானாக ஓடத் தொடங்க எடுத்த காலம் 18 நாள் முதல் 254 நாள் வரை ஆளுக்கு ஆள் வேறுபட்டது, நடுக்கணக்கு 66 நாள். ஒரு நாள் தவறியது பெரிய கெடுதல் செய்யவில்லை என்றும் அதிலே தெரிந்தது. உங்கள் பல் தீட்டும் பழக்கமும் நடையும் எட்டுக் கிழமைக்குப் பிறகும் கொஞ்சக் காலம் ஞாபகப்படுத்திச் செய்ய வேண்டியவையாகவே இருக்கலாம்.

எட்டாம் கிழமை முடிய அதே பல் பிரிவுக்குத் திரும்பப் போய், வாய் திறக்கும் அளவை மறுபடி எடுத்து முதல் இலக்கத்துக்குப் பக்கத்தில் எழுதுவியுங்கள். வெள்ளைத் திட்டுகள் சிலருக்குக் குறைந்திருக்கும். இறுகின வாய் தானாகப் பழைய நிலைக்கு வருவதில்லை, அதற்கான பயிற்சியையும் சிகிச்சையையும் அவர்களிடமே கேளுங்கள். அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் காட்டினால் போதும், திட்டு இருந்தவர்கள் வைத்தியர் சொல்லும் தவணைக்குப் போக வேண்டும். தவணைத் திகதியைக் கொப்பியின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி, கொப்பியை வட்டா இருக்கும் அதே பெட்டகத்தில் வையுங்கள்.